பெட்டிக்குள் ஒரு ‘ம்ம்ம்...’ சத்தம்: மைக்கேல் ஃபாரடேயின் கதை



உங்கள் வீட்டில் ஆம்ப்ளிஃபயர் இருக்கிறதா? பாட்டை நிறுத்திய பிறகு ஸ்பீக்கர் பெட்டியின் அருகே போய்க் காது கொடுத்துக் கேட்டுப் பாருங்கள். சில வீடுகளில் யாரோ வாயை மூடிக்கொண்டு முனகுவதுபோல் ‘ம்ம்ம்...’ என்று ஒரு சத்தம் விடாமல் வந்துகொண்டிருக்கும். ரிப்பேர் கடைக்காரர்கள் இதை ‘ஹம்’ என்பார்கள். பாட்டு உரக்க ஒலிக்கும்போது இது தெரியாது. புல்லாங்குழல் மெல்ல இழையும் இடத்தில்தான் குறுக்கே வந்து நிற்கும்.

இந்தச் சத்தம் எங்கிருந்து வருகிறது? இதைப் புரிந்துகொள்ள, லண்டனில் 19-ஆம் நூற்றாண்டில் வாழ்ந்த ஒரு விஞ்ஞானியின் கதையைத் தெரிந்துகொள்ள வேண்டும். அவர் காலத்தில் ஆம்ப்ளிஃபயர் கிடையாது. வீடுகளில் மின்சார விளக்குகூடக் கிடையாது. ஆனாலும் இந்த ‘ம்ம்ம்’ சத்தத்துக்கான முக்கியமான மூன்று காரணங்களும் அவருடைய ஆராய்ச்சிகளில் அடங்கியிருக்கின்றன. அவர்தான் மைக்கேல் ஃபாரடே.

கொல்லர் வீட்டுப் பிள்ளை

ஃபாரடே 1791-ஆம் ஆண்டு செப்டம்பர் 22-ஆம் தேதி, லண்டனை அடுத்த நியூயிங்டன் பட்ஸ் என்ற இடத்தில் பிறந்தார். அப்பா ஜேம்ஸ் இரும்புக் கொல்லர். அவருக்கு அடிக்கடி உடம்பு சரியில்லாமல் போகும். அதனால் வருமானமும் நின்றுபோகும். நான்கு குழந்தைகள் உள்ள குடும்பம். 1801-இல் உணவுப் பொருட்களின் விலை ஏறியபோது, சிறுவன் மைக்கேலுக்கு வாரத்துக்கு ஒரு ரொட்டிதான் கிடைத்தது. அதை ஏழு நாட்களுக்குப் பங்கிட்டுச் சாப்பிட வேண்டும்! பள்ளியில் அவர் கற்றது எழுதப் படிக்கவும் கொஞ்சம் கணக்குப் போடவும்தான்.

1804-இல் ஜார்ஜ் ரீபோ என்பவரின் புத்தகக் கடையில் எடுபிடி வேலைக்குச் சேர்ந்தார். வாசகர்களின் வீடுகளுக்குச் செய்தித்தாள்களைக் கொண்டுபோய்க் கொடுப்பது, அவர்கள் படித்து முடித்ததும் வாங்கி வருவது, இதுதான் வேலை. பையனின் சுறுசுறுப்பு ரீபோவுக்குப் பிடித்துவிட்டது. அடுத்த ஆண்டே புத்தகம் பைண்டிங் செய்யும் தொழிலைக் கற்றுக்கொடுக்கச் சேர்த்துக்கொண்டார். ஏழு ஆண்டுப் பயிற்சி அது.

மற்றவர்கள் புத்தகங்களைத் தைத்து, அட்டை ஒட்டி, அடுக்கி வைத்தார்கள். ஃபாரடேயோ தைத்த புத்தகங்களைப் படிக்கவும் செய்தார்! ஒருநாள் பைண்டிங்குக்கு வந்த கலைக்களஞ்சியத்தில் மின்சாரம் பற்றிய கட்டுரை கண்ணில் பட்டது. ஜேன் மார்செட் என்ற பெண்மணி எழுதிய வேதியியல் நூலும் கையில் கிடைத்தது. படித்ததை அப்படியே நம்பிவிடாமல், கைக்காசில் சின்னச் சின்னப் பொருட்களை வாங்கி, தானே செய்து பார்த்தார். இந்தப் பழக்கம் அவரைக் கடைசிவரை விட்டுப் போகவில்லை.

300 பக்க நோட்டுப் புத்தகம்

1812-இல் ராயல் இன்ஸ்டிடியூஷன் என்ற அறிவியல் நிறுவனத்தில் புகழ்பெற்ற விஞ்ஞானி ஹம்ஃப்ரி டேவி சொற்பொழிவுகள் நிகழ்த்தினார். கடைக்கு வரும் வாடிக்கையாளர் ஒருவர் நுழைவுச் சீட்டுக் கொடுத்து உதவ, ஃபாரடே நான்கு சொற்பொழிவுகளைக் கேட்டார். கேட்டதையெல்லாம் குறிப்பெடுத்து, படங்கள் வரைந்து, சுமார் 300 பக்கங்களில் எழுதினார். தான் கற்ற தொழிலைக் கொண்டே அழகாக பைண்டிங் செய்து டேவிக்கு அனுப்பினார். அறிவியல் சார்ந்த வேலை ஏதாவது கிடைக்குமா என்று கேட்டிருந்தார். இதற்கு முன் ராயல் சொசைட்டியின் தலைவருக்கும் இப்படி எழுதிப் பார்த்தார். அங்கிருந்து பதிலே வரவில்லை.

டேவி கூப்பிட்டுப் பேசினார். ஆனால் உடனே தருவதற்கு வேலை இல்லை. சில மாதங்கள் கழித்து, அங்கே இருந்த உதவியாளர் சண்டை போட்டதால் வேலையை இழந்தார். 1813 மார்ச் 1-ஆம் தேதி ஃபாரடே ஆய்வகத்தில் வேலைக்குச் சேர்ந்தார். அந்த ஆண்டே டேவியுடன் ஐரோப்பாவைச் சுற்றிப் பார்க்கவும் புறப்பட்டார். உதவி விஞ்ஞானியாகப் போனவரை டேவியின் மனைவி வேலைக்காரனாகவே நடத்தினார். ஃபாரடேயின் மனம் நொந்தது. ஆனாலும் பெரிய விஞ்ஞானிகளைச் சந்திக்கவும் அவர்கள் ஆராய்ச்சி செய்வதைப் பார்க்கவும் கிடைத்த வாய்ப்பை அவர் விட்டுவிடவில்லை.

பத்து ஆண்டு விடாமுயற்சி

1820-இல் டென்மார்க் நாட்டு விஞ்ஞானி ஓர்ஸ்டெட் ஓர் அதிசயத்தைக் கண்டார். கம்பியில் மின்சாரம் பாயும்போது பக்கத்தில் இருந்த காந்த ஊசி அசைந்தது. மின்சாரத்துக்குக் காந்த சக்தி உண்டு என்று இதிலிருந்து தெரிந்தது.

அப்படியானால் காந்தத்திலிருந்து மின்சாரம் பெற முடியாதா? இந்தக் கேள்வி ஃபாரடேயை விடாமல் பிடித்துக்கொண்டது. 1821-இல், மின்சாரம் பாயும் கம்பி ஒரு காந்தத்தைச் சுற்றிச் சுழலும்படி செய்தார். இன்றைய மின்விசிறியில் இருக்கும் மோட்டாருக்கு இதுதான் முன்னோடி. ஆனால் காந்தத்திலிருந்து மின்சாரம் மட்டும் கிடைக்கவில்லை. 1820-களில் பலமுறை முயன்றார்; பலமுறை தோற்றார். ஒவ்வொரு தோல்வியையும் தவறாமல் குறித்து வைத்தார்.

1831 ஆகஸ்ட் 29. சுமார் ஆறு அங்குல அகலமுள்ள ஓர் இரும்பு வளையத்தை எடுத்துக்கொண்டார். அதன் ஒரு பாதியில் ஒரு செம்புக் கம்பிச் சுருளும் மறுபாதியில் இன்னொரு சுருளும் சுற்றினார். பிளாஸ்டிக் உறை போட்ட ஒயர் அப்போது ஏது? கம்பிகள் ஒன்றையொன்று தொடாமல் இருக்க இடையில் நூலையும் பருத்தித் துணியையும் வைத்துச் சுற்றினார். முதல் சுருளை மின்கலத்தோடு இணைத்தார். இரண்டாவது சுருளின் கம்பிக்குப் பக்கத்தில் ஒரு காந்த ஊசியை வைத்தார்.

இணைத்த அந்த நொடியில் ஊசி அசைந்தது! பிறகு பழைய நிலைக்கு வந்து அசையாமல் நின்றுவிட்டது. மின்சாரம் பாய்ந்துகொண்டுதான் இருந்தது, ஊசியோ நகரவில்லை. இணைப்பைத் துண்டித்ததும் மறுபடி அசைந்தது.

வேறொருவராக இருந்தால் கை பட்டு ஆடியிருக்கும் என்று விட்டிருப்பார். ஃபாரடே விடவில்லை. திரும்பத் திரும்பச் செய்து பார்த்து உண்மையைப் புரிந்துகொண்டார். சும்மா இருக்கும் காந்த சக்தி மின்சாரத்தைத் தருவதில்லை. அது கூடும்போதும் குறையும்போதும்தான் பக்கத்துக் கம்பியில் மின்சாரம் பிறக்கிறது. இதையே உங்கள் பாடப் புத்தகம் மின்காந்தத் தூண்டல் என்கிறது. அக்டோபர் மாதத்தில், ஒரு சுருளுக்குள் காந்தத்தைச் செருகியும் உருவியும் மின்சாரம் உண்டாக்கிக் காட்டினார்.

முதல் குற்றவாளி

இப்போது நம் ஆம்ப்ளிஃபயருக்கு வருவோம். நம் வீட்டுக்கு வருவது மாறுதிசை மின்சாரம். ஒரு நொடிக்கு 50 சுற்று வீதம் அது முன்னும் பின்னுமாக மாறிக்கொண்டே இருக்கிறது. அதனால் அதன் காந்த சக்தியும் ஓயாமல் கூடிக் குறைகிறது. ஃபாரடே இணைத்தும் துண்டித்தும் செய்ததை இது தானாகவே செய்கிறது!

ஆம்ப்ளிஃபயரில் இருக்கும் டிரான்ஸ்ஃபார்மர், ஃபாரடேயின் இரும்பு வளையத்தின் வாரிசுதான். நல்ல ஆம்ப்ளிஃபயர்கள் சிலவற்றில் அது வளைய வடிவிலேயே இருக்கும். காந்த சக்தி வெளியே கசிவது அதில் குறைவு. டிரான்ஸ்ஃபார்மரோ அடாப்டரோ மின்சார ஒயரோ பாட்டு வரும் ஒயருக்குப் பக்கத்தில் இருந்தால் என்ன ஆகும்? பாட்டு ஒயரிலும் துளி மின்சாரம் பிறக்கும். ஆம்ப்ளிஃபயரின் வேலை சிறியதைப் பெரிதாக்குவது. அதற்குப் பாட்டு எது, வேண்டாத சத்தம் எது என்று தெரியாது. இரண்டையும் பெரிதாக்கிவிடும்.

இன்னொரு விதமாகவும் இது நடக்கும. கம்ப்யூட்டரை ஆம்ப்ளிஃபயரோடு இணைக்கிறோம் என்று வைத்துக்கொள்வோம். இரண்டுக்கும் மூன்று பின் பிளக். இரண்டின் எர்த் ஒயர்களும் சுவருக்குள் ஒன்றாகச் சேர்கின்றன. வெளியே பாட்டு ஒயரும் இரண்டையும் சேர்க்கிறது. ஆக, நாம் அறியாமலேயே ஒரு பெரிய கம்பி வளையம் உருவாகிவிட்டது! அந்த வளையத்துக்குள் காந்த சக்தி மாறும்போதெல்லாம் மின்சாரம் பிறக்கிறது. ‘ம்ம்ம்’ கேட்கிறது.

பெட்டிக்குள் புகுந்த விஞ்ஞானி

1836 ஜனவரியில் ஃபாரடே ராயல் இன்ஸ்டிடியூஷன் மண்டபத்துக்குள் ஒரு விசித்திரமான பெட்டியைக் கட்டினார். நீளம், அகலம், உயரம் எல்லாமே 12 அடி. மரச்சட்டத்தைச் சுற்றிச் செம்புக் கம்பிகளைப் பின்னி, காகிதமும் வெள்ளீயத் தகடும் ஒட்டியிருந்தார். சக்தி வாய்ந்த இயந்திரத்தால் அந்தப் பெட்டிக்கு மின்னூட்டம் ஏற்றப்பட்டது. வெளிப்பக்கத்தில் மின்பொறிகள் பறந்தன.

ஃபாரடே எங்கே இருந்தார் தெரியுமா? பெட்டிக்கு உள்ளே! எரியும் மெழுகுவர்த்தியையும் மின்சாரத்தைக் காட்டும் கருவிகளையும் வைத்துக்கொண்டு சோதித்தார். உள்ளே மின்சாரத்தின் அறிகுறியே இல்லை. அதெல்லாம் உலோகத்தின் வெளிப்பரப்பிலேயே நின்றுவிட்டது. இந்த அமைப்புக்கு ஃபாரடே கூண்டு என்று பெயர் வந்தது.

பாட்டு வரும் ஷீல்டு ஒயர் இப்படிப்பட்ட ஒரு நீளமான கூண்டுதான். நடுவில் ஒரு மெல்லிய கம்பி. அதைச் சுற்றி வலைபோலப் பின்னிய செம்பு இழைகள். பின்னல் பிளக்கின் அருகே அறுந்துபோனால் கூண்டின் கதவு திறந்த மாதிரி. வீட்டைச் சுற்றி ஓடும் மின்சார ஒயர்களின் தொல்லை உள்ளே புகுந்துவிடும். இதுதான் இரண்டாவது குற்றவாளி. ஒன்றை மட்டும் நினைவில் வையுங்கள். மெல்லிய செம்புப் பின்னல் மின்புலத்தைத் தடுக்கும். டிரான்ஸ்ஃபார்மரின் காந்தப்புலத்தை அவ்வளவாகத் தடுக்காது. அதற்கு மருந்து, தள்ளி வைப்பதுதான்.

மூன்றாவது குற்றவாளி

மின்சாரத்தைச் சேமித்து வைக்கும் பொருளை மின்தேக்கி என்று படித்திருப்பீர்கள். கடைக்காரர்கள் கண்டென்சர் என்பார்கள். இரண்டு உலோகங்களுக்கு நடுவே மின்சாரம் கடத்தாத பொருள் இருந்தால் அது மின்தேக்கி. நடுவில் இருக்கும் பொருளைப் பொறுத்து சேமிக்கும் அளவும் மாறும் என்று 1837-இல் ஃபாரடே சோதனை செய்து காட்டினார். 1881-இல் பாரீஸில் நடந்த சர்வதேச மாநாட்டில், மின்தேக்கியை அளக்கும் அலகுக்கு அவர் நினைவாக ஃபாரட் என்ற பெயர் ஏற்கப்பட்டது.

ஆம்ப்ளிஃபயருக்குச் சீரான நேர்திசை மின்சாரம் தேவை. வீட்டு மின்சாரத்தை டயோடுகள் ஒரே திசைக்குத் திருப்பிவிடும். ஆனாலும் அது நொடிக்கு 100 முறை விட்டு விட்டுத்தான் வரும். குழாயில் தண்ணீர் விட்டு விட்டு வந்தாலும் மொட்டை மாடித் தொட்டியில் நிரம்பிவிட்டால் சீராகக் கிடைக்கிறது அல்லவா? மின்தேக்கிதான் அந்தத் தொட்டி. ஆண்டுக்கணக்கில் சூட்டில் இருந்து அதன் உள்ளே இருக்கும் திரவம் வற்றினால், தொட்டி சிறுத்த மாதிரி ஆகிவிடும். விட்டு விட்டு வரும் மின்சாரம் அப்படியே உள்ளே போகும். அதுவும் ‘ம்ம்ம்’தான், ஆனால் சற்று மேல் ஸ்தாயியில் கேட்கும்.

அறிகுறியைக் கொண்டு காரணத்தைப் பிடிப்பதில் ஃபாரடே கெட்டிக்காரர். அக்காலத்தில் பூமிக்கடியிலும் நீருக்கடியிலும் தந்திக் கம்பிகளைப் போட்டார்கள். அவற்றில் செய்திகள் தாமதமாயின. ஒன்றோடொன்று கலந்து குழம்பின. கம்பியைச் சோதித்தவர்கள் ஃபாரடேயிடம் காட்டினார்கள். நடுவில் செம்பு, அதைச் சுற்றி மரப்பால் உறை, வெளியே நீர். முழுக் கம்பியும் ஒரு பெரிய மின்தேக்கியாகிவிட்டது என்று அவர் 1854-இல் விளக்கினார். முதலில் அது நிரம்ப வேண்டும். பிறகுதான் மறுமுனைக்குச் செய்தி முழுதாகப் போகும்!

நீங்களும் துப்பறியலாம்

ஃபாரடேக்கு உயர்கணிதம் தெரியாது. ஞாபக மறதியும் உண்டு. அதனால் செய்த ஒவ்வொரு சோதனையையும் எண் போட்டு எழுதி வைத்தார். அந்த எண்கள் 16,000-ஐத் தாண்டிவிட்டன! ஒரு நேரத்தில் ஒன்றை மட்டும் மாற்று, என்ன நடந்தது என்று பார், எழுதி வை. ‘ஹம்’ சத்தத்தைத் தேடவும் இந்த முறைதான் சிறந்தது. பெரியவர் ஒருவரைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு செய்யுங்கள்.

1. சத்தத்தைக் கூட்டிக் குறைக்கும் திருகைக் கடைசிவரை குறையுங்கள். ‘ஹம்’ அப்படியே இருந்தால் கோளாறு பெரும்பாலும் ஆம்ப்ளிஃபயருக்குள். மின்தேக்கியாக இருக்கலாம். அது மெக்கானிக்கின் வேலை.

2. திருகைக் குறைக்கும்போது ‘ஹம்’மும் குறைந்தால், அது ஒயர் வழியாக வருகிறது. ஆம்ப்ளிஃபயரை நிறுத்திவிட்டு, பாட்டு ஒயர்களில் ஒன்றைக் கழற்றுங்கள். மறுபடி போட்டுக் கேளுங்கள். பிறகு அடுத்தது. எதைக் கழற்றும்போது சத்தம் நிற்கிறதோ அங்கேதான் கோளாறு.

3. அந்த இடத்தில் வேறொரு நல்ல ஷீல்டு ஒயரைப் போட்டுப் பாருங்கள். சத்தம் போய்விட்டால் பழைய ஒயரின் பின்னல் அறுந்திருக்கிறது.

4. போகவில்லையா? ஒயரை அடாப்டரிடமிருந்தும் மின்சார ஒயரிடமிருந்தும் தள்ளிப் போடுங்கள். இரண்டும் குறுக்கிட்டே ஆக வேண்டுமென்றால், பெருக்கல் குறியைப்போல் குறுக்காகப் போகட்டும். பக்கம் பக்கமாக நீளமாக ஓட வேண்டாம்.

5. இரண்டு கருவிகளையும் ஒரே பிளக் பெட்டியில் செருகிப் பாருங்கள். எர்த் வளையம் சிறியதாகும், சத்தமும் குறையலாம்.

இரண்டு எச்சரிக்கைகள்! சிலர் மூன்று பின் பிளக்கில் தடித்த பின்னை எடுத்துவிட்டால் ‘ஹம்’ நிற்கும் என்பார்கள். நிற்கலாம்தான். ஆனால் கருவியில் மின்கசிவு ஏற்பட்டால் உங்களைக் காப்பாற்றுவது அந்த எர்த் பின்தான். அதை ஒருபோதும் எடுக்கக் கூடாது. அதேபோல, ஆம்ப்ளிஃபயரின் மூடியை நீங்கள் திறக்கவே கூடாது. பிளக்கைப் பிடுங்கிய பிறகும் மின்தேக்கியில் மின்சாரம் மிச்சம் இருக்கும்.

எளிய மனிதர்

ஃபாரடேக்குப் புகழ் சுலபமாக வந்துவிடவில்லை. 1824-இல் அவரை ராயல் சொசைட்டியில் உறுப்பினராக்க முயன்றபோது, அவரை வளர்த்துவிட்ட டேவியே எதிர்த்தார். ஆனாலும் ஃபாரடே தேர்ந்தெடுக்கப்பட்டார். டேவி மீது வைத்திருந்த மரியாதையை அவர் விட்டுவிடவில்லை. பின்னாளில் அதே சொசைட்டியின் தலைவர் பதவி தேடி வந்தபோது, ஏற்க மறுத்துவிட்டார். கடைசிவரை வெறும் ஃபாரடேயாக இருக்கவே விரும்பினார்.

உங்களைப் போன்ற குழந்தைகள் என்றால் அவருக்குக் கொள்ளைப் பிரியம். ராயல் இன்ஸ்டிடியூஷனில் இளையவர்களுக்காக நடக்கும் கிறிஸ்துமஸ் சொற்பொழிவுகளை 1827 முதல் 1860 வரை 19 ஆண்டுகள் அவரே நிகழ்த்தினார். ஒரு மெழுகுவர்த்தி எரிவதை வைத்துக்கொண்டே பல நாட்கள் அறிவியல் சொல்லிக்கொடுத்தார்.

வயதான காலத்தில் அவருடைய மறதி அதிகமாகியது. விக்டோரியா மகாராணி அளித்த வீட்டில் மனைவி சாராவுடன் அமைதியாக வாழ்ந்து, 1867 ஆகஸ்ட் 25-ஆம் தேதி காலமானார்.

குழந்தைகளே! அடுத்த முறை ஸ்பீக்கரிலிருந்து ‘ம்ம்ம்’ என்று கேட்டால், பெட்டியைத் தட்டாதீர்கள். தட்டினால் காரணம் தெரியாது. ஒரு காகிதமும் பென்சிலும் எடுத்துக்கொள்ளுங்கள். ஒயர்களை ஒவ்வொன்றாகக் கழற்றி, கேட்டதை வரிசையாக எண் போட்டு எழுதுங்கள். உங்களால் சரிசெய்ய முடியாவிட்டாலும், மெக்கானிக்கிடம் போகும்போது அந்தக் காகிதத்தைக் கொடுங்கள். பாதி வேலையை நீங்களே முடித்திருப்பீர்கள்!